முழங்காலுக்கு என்று நினைத்த ஊசி

அக்காவின் வலது முழங்கால் வீங்கியபோது அவளுக்கு 11 வயது. 1985, ஆடி மாதம். மூன்று நாளில் முழங்கால் வற்றி, இடது கணுக்கால் வீங்கியது. அது வற்றியதும் முழங்கை. போர்வை உரசினாலே அழுவாள். பாட்டி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். வாதக் காய்ச்சல் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

விருதுநகர் பக்கம் நெசவாளர் ஊர் எங்களுடையது. முன்கட்டில் தறி. பின்கட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுப்போம். முழங்கால் வீங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் அக்காவுக்கும் எனக்கும் தொண்டை வலி வந்திருந்தது. எச்சில் விழுங்க முடியாமல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாள். இருவருக்கும் சரியாகிவிட்டது. அந்தத் தொண்டை வலியையும் இந்த முழங்காலையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? நடுவில் மூன்று வாரம் அவள் ஓடி விளையாடிக்கொண்டுதானே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் வீக்கம், வலி எல்லாம் போன இடம் தெரியவில்லை. கூடவே ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார் மருத்துவர். 21 நாளைக்கு ஒரு தடவை, வருஷக்கணக்கில் போட வேண்டும் என்றார். பென்சிலின் ஊசி. வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மோர் மாதிரி திரண்டு வரும். சன்னமான ஊசியில் அது இறங்காது என்பதால் தடிமனான ஊசியாக எடுப்பார்கள். முதலில் முன்கையில் ஒரு துளி போட்டு, தடிப்பு வருகிறதா என்று அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அப்புறம் இடுப்புக்குக் கீழே. அன்று முழுக்க அக்கா ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். துணைக்குப் போவது நான். எனக்கு 8 வயது. திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய்.

எட்டு மாதம் போட்டோம். பிறகு நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அரைநாள் தறி நின்றது. மருந்து சில நேரம் இருக்காது. ஒருமுறை, பென்சிலினில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது என்று சொல்லி ஊசி போடவே மறுத்து அனுப்பினார்கள். ஆனால் உண்மையான காரணம் இவற்றில் எதுவும் இல்லை. முழங்கால்தான் நன்றாகிவிட்டதே என்று நினைத்தோம். அந்த ஊசி முழங்காலுக்கானது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அது இதயத்துக்கான ஊசி என்று யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் அம்மா தறியை விற்றாவது கூட்டிப் போயிருப்பாள்.

இந்த வாதக் காய்ச்சலின் கதையைப் பின்னாளில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வருகிறது. உடம்பு அதை எதிர்த்துப் படை திரட்டுகிறது. கிருமியின் மேல் இருக்கும் ஒரு புரதமும் நம் இதயத் தசையிலும் வால்விலும் இருக்கும் புரதங்களும் சாயலில் ஒன்றுபோல இருப்பதால், அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த இதயத்தையும் தாக்குகிறது. பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள். நெருக்கமாகப் படுத்துறங்கும் வீடுகளில் கிருமி ஒரு தொண்டையிலிருந்து அடுத்த தொண்டைக்குச் சுலபமாகப் போகும். அதனால் இது ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற நோய். பிரெஞ்சு மருத்துவர் லாசேக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: இந்தக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும். நக்கிய இடத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். மூட்டில் ஒரு வடுகூட மிஞ்சவில்லை.

21 நாள் ஊசியின் வேலை பழைய காயத்தை ஆற்றுவது அல்ல. ஒருமுறை இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அடுத்த தொண்டைக் கிருமியிலும் அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். வரும்போதெல்லாம் வால்வில் இன்னொரு கடி விழும். அடுத்த கிருமி தொண்டையில் தங்கவே கூடாது என்பதற்காகத்தான் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் பென்சிலின் இருக்கும்படி வைக்கிறார்கள். இதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்குக் குறைந்தது ஐந்து வருஷம், அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீளமோ அது. வால்வில் பழுது நின்றுவிட்டால் 40 வயது வரைகூடப் போடச் சொல்வார்கள். நாங்கள் நிறுத்திய பிறகு அக்காவுக்கு எத்தனை தொண்டை வலி வந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "எண்ணியா வச்சேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

1995இல் அக்காவுக்குக் கல்யாணம். 1997இல் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்றார்கள். ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் படுத்தால் இருமல். ராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். வீசிங் என்று சொல்லி ஆஸ்துமா மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஒருவர். ஏழாம் மாதத்தில் அக்கா படுக்கவே இல்லை. சுவரில் தலையணையை நிறுத்தி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு விடியற்காலையில் சளியில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. மச்சான் வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்.

பெரியாஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லோரும் முதுகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெதஸ்கோப்பை அவர் முன்பக்கம் கொண்டுவந்தார். அக்காவை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, மார்புக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "சின்ன வயசுல மூட்டு வீங்கியிருக்கா?" என்றார். நான் அங்கேயே திகைத்து நின்றேன். 12 வருஷம் கழித்து ஒருவர் அந்த முழங்காலைக் கேட்கிறார், அதுவும் நெஞ்சில் காதை வைத்துவிட்டு.

பிறகு, உடம்பு கொஞ்சம் தேறியபோது, என்னையும் கேட்கச் சொன்னார். முதலில் டக் என்று பலமாக ஒரு சத்தம். தொடர்ந்து அடியில் தணிந்த உறுமல். பக்கத்துத் தெருவில் தறி ஓடினால் தரையில் காதை வைத்தவனுக்கு எப்படிக் கேட்குமோ அப்படி. "அதுதான் வால்வு. சுருங்கிப்போச்சு. ரத்தம் நெருக்கிட்டுப் போற சத்தம்" என்றார்.

இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ் கொண்ட ஒரு கதவு இருக்கிறது. மைட்ரல் வால்வு. நன்றாகத் திறந்தால் அதன் வாய் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு எக்கோ என்ற ஒலியலைச் சோதனையில் வந்த அளவு 0.8. ஒரு பேனா நுழையும் துளை. இதழ்களின் ஓரங்கள் ஒட்டிப்போய் மீன் வாய் மாதிரி ஆகியிருந்தது. கீழே இறங்க முடியாத ரத்தம் மேலறையில் தேங்கும், அங்கிருந்து பின்னுக்கு நுரையீரலில் தேங்கும். விசில் சத்தமும் நுரையும் அப்படி வந்தவை. கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. அதுவரை எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த துளையால் அதற்குமேல் முடியவில்லை. எங்கள் நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் முதல் பிரசவத்தில்தான் தெரியவருகிறது. மேலைநாட்டில் வால்வு இப்படிச் சுருங்க இருபது, முப்பது வருஷம் ஆகும் என்று பாடப்புத்தகங்களில் இருந்தது. இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே கடுமையாகச் சுருங்கிவிடுவதுண்டு என்று 1963இல் தில்லி மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள்.

எக்கோ கருவியே இந்த வால்வைத் தேடித்தான் பிறந்தது என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இதய மருத்துவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. வால்வு சுருங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்று மார்பைத் திறப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்படுத்திய ஒலியலைக் கருவியைப் பார்த்திருந்தார். 1953இல் இருவரும் அதே மாதிரிக் கருவியைக் கடன் வாங்கி மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். கப்பல் தகட்டில் விரிசல் தேடிய அந்த ஒலிதான் 44 வருஷம் கழித்து எங்கள் அக்காவின் நெஞ்சில் 0.8 என்று எழுதியது.

சிறுநீர் கழியும் மருந்து, துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, முழு ஓய்வு. அப்படியே எட்டரை மாதம் வரை கொண்டுபோனார்கள். முக்க விடாமல் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை அழுததும் நாங்கள் வாசலில் சிரித்துக்கொண்டோம். அந்த மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. பிரசவம் முடிந்ததும் கருப்பை சுருங்கி, அதிலிருந்த ரத்தம் மொத்தமாக இதயத்துக்குத் திரும்பும், இனி வரும் ஒரு நாள்தான் கண்டம் என்றார். அந்த ஒரு நாளும் கழிந்தது.

மறுவருஷம் சென்னையில் பலூன் வைத்தார்கள். தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, ஒட்டிப்போன வால்வுக்குள் பலூனை ஊதி இதழ்களைப் பிரிப்பது. இனோவே என்ற ஜப்பானிய மருத்துவர் 1984இல் உலகுக்குச் சொன்ன வழி. ஊதும்போது நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கும் அந்தப் பலூன், வால்வை விட்டு நழுவாது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். துளை 1.7 ஆகியிருந்தது. வந்த அன்று ராத்திரி அக்கா மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதே வேலையை 1925இல் லண்டனில் சூட்டர் என்ற அறுவை மருத்துவர் தன் விரலாலேயே செய்தார். ஓடும் இதயத்தின் மேலறையில் சிறு வெட்டுப் போட்டு, விரலை உள்ளே விட்டு வால்வைத் தொட்டு விரித்தார். அந்த இளம்பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு அவரிடம் வேறொரு நோயாளியை யாரும் அனுப்பவில்லை. இதயத்தைத் தொடக்கூடாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. மறுபடி ஒருவருக்கு இது கைகூட 23 வருஷம் ஆனது. அந்த 23 வருஷத்தில் மூச்சுத் திணறிச் செத்த பெண்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பலூன் 12 வருஷம் தாங்கியது. 2010இல் ஒரு காலையில் அக்கா காப்பி டம்ளரை நீட்டினாள், டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளுக்கு வலது கை வரவில்லை. என்னவோ சொன்னாள், சொல் குழறியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "கை மரத்துப்போச்சுடா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்று இருந்துவிடாமல் மச்சான் அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்பினார். வால்வு மறுபடியும் சுருங்கி, மேலறை விரிந்து, துடிப்பு தாளம் தப்பிவிட்டிருந்தது. அப்படித் துடிக்கும் அறையில் ரத்தம் கட்டியாகும். கட்டியில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் வந்திருக்கிறது. இன்னொரு துணுக்கு இவ்வளவு நல்லபடியாகப் போயிருக்காது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு நெஞ்சுவலி என்று ஒன்று வந்ததே இல்லை. முதலில் முழங்கால், அப்புறம் மூச்சு, அப்புறம் கை. இதயம் ஒவ்வொரு முறையும் வேறோர் உறுப்பின் பெயரில்தான் வந்து நின்றது. நாங்களும் வந்து நின்ற உறுப்புக்கே வைத்தியம் பார்த்தோம்.

வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்ததால் இனி பலூன் உதவாது என்றார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்துக்குப் போனோம். விருதுநகரில் ரயில் ஏறினோம். அங்கே வைத்தது சித்ரா வால்வு. அந்த நிறுவனத்திலேயே உருவானது. வல்லியத்தான் என்ற அறுவை மருத்துவர் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, இறக்குமதி வால்வை வாங்க முடியாத நம் நோயாளிகளுக்காகச் செய்தார். முதல் மாதிரிகள் தோற்றன. ஒன்றில் உலோகக் கூண்டின் பற்றவைப்பு முறிந்தது. இன்னொன்றில் செயற்கை நீலமணித் தட்டு உடைந்தது. நான்காவது மாதிரிதான் தேறியது: கோபால்ட் கலப்பு உலோகக் கூண்டு, அதில் சாய்ந்து சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு, தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். துணி வளையத்தில் நூல் கோத்துத் தைப்பார்கள் என்று கேட்டதும் அப்பா, "என்ன நூலுப்பா?" என்று கேட்டார். நெய்கிற மனுஷனுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தட்டு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை மூடித் திறக்கிறது.

அறுவை சிகிச்சையோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் ஊர் திரும்பினோம். உண்மையில் தினப்படி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. உலோகத்தைக் கண்டால் ரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் தட்டு சிக்கிக்கொள்ளும். அதனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை. அக்காவுக்கு அசிட்ரோம். ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3. மாதம் ஒருமுறை, ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. நம்மைப் போன்றவர்களுக்கு அது 1 இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. இந்த மருந்து வந்த வழியும் ஒரு கதை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் லிங்க் என்ற வேதியியலாளர் அந்த வைக்கோலிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. அசிட்ரோம் அதற்குத் தம்பி முறை. இப்போது சோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. உலோக வால்வுக்கு அவை ஆகாது. அக்காவைப் போல வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கித் தாளம் தப்பியவர்களுக்கும் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

ஊருக்கு வந்ததும் கீரையை நிறுத்திவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, மாத்திரையின் வேகத்தை அது குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவர் விடச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், ஒரு வாரம் ஐந்து நாள் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக்கூடாது என்றார். அக்கா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, ஓரத்தில் "கீரை", "விரதம்", "காய்ச்சல்" என்று குறித்து வைக்கிறாள். இது ஆறாவது நோட்டு. மருத்துவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஒரே ஒருமுறைதான் தவறியது. காய்ச்சலோடு மூட்டு வலி வந்தபோது, மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஐ.என்.ஆர். 7 தாண்டியிருந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாதாரண வலி மருந்து போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும் என்பதை நாங்கள் அதற்குப் பிறகுதான் மனதில் வாங்கினோம். சில கிருமிக்கொல்லி மருந்துகளும் அளவை ஏற்றிவிடும். பல் பிடுங்குவதானால் ஒரு மணி நேரம் முன்பே அமாக்சிசிலின் போட வேண்டும், இல்லையென்றால் வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் கூடு கட்டும். எந்தக் கடைக்கு, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "வால்வு வச்சிருக்கு" என்று சொல்ல அக்கா பழகிக்கொண்டாள்.

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று முதல் பிரசவத்திலேயே முடிவாகிவிட்டது. மருமகளுக்கு இப்போது 27 வயது. சின்ன வயதில் அவளுக்குத் தொண்டை வலி என்றால் அக்கா மிளகுப்பாலும் கொடுப்பாள், அன்றைக்கே மருத்துவரிடமும் காட்டிவிடுவாள். எல்லாத் தொண்டை வலிக்கும் பென்சிலின் தேவையில்லை. பெரும்பாலானவை சளி, மூக்கொழுகலோடு தாமாக வந்து போகிறவை. காய்ச்சலும் இருந்து, இருமலே இல்லாமல், கழுத்தில் நெறி கட்டி, உள்நாக்குப் பக்கம் வெள்ளை படிந்திருந்தால் அதை ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்தியக் குடும்பங்களில் இது இன்னும் ஓய்ந்துபோன நோய் இல்லை. உலகத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த வால்வு நோயோடு வாழ்கிறார்கள். உலக சுகாதாரப் பேரவை இதற்கென்று தனித் தீர்மானம் போட 2018 வரை ஆனது.

போன வருஷம் எதிர்வீட்டுப் பையனுக்கு முழங்கால் வீங்கியது. 9 வயது. பந்து விளையாடி விழுந்திருப்பான் என்றார்கள். மறுநாள் வீக்கம் மற்றக் காலுக்கு மாறியது. கேள்விப்பட்டதும் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போய், மூன்று வாரம் முன்னால் தொண்டை வலித்ததா என்று பையனிடமே கேட்டாள். எக்கோவில் வால்வு ஓரத்தில் லேசான கசிவு இருந்தது. இவ்வளவு சீக்கிரம் தெரிந்ததே நல்லது, ஊசி விடாமல் போட்டால் கசிவு குறையவும் வாய்ப்புண்டு என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கால்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எத்தனை ஊசி என்று அந்தப் பையனின் அம்மா வாசலில் நின்று கேட்டாள். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "இது காலுக்கு இல்ல தாயி" என்று தொடங்கியவள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் நெஞ்சின் தழும்பு மேல் வைத்ததைச் சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

அவர்கள் வீட்டு நாள்காட்டியை நம்பாமல் அக்கா எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே குறித்து வைக்கிறாள். சிவப்பு வட்டம் அவளுடைய ரத்தப் பரிசோதனை, நீல வட்டம் பையனின் ஊசி. இந்த மாதம் இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன. செவ்வாய்க்கிழமை அவனைக் கூட்டிப் போக வேண்டும். அரை மணி நேரம் காத்திருக்கும்போது பிள்ளை கையில் எதையாவது கொடுக்கணும்டா, வரும்போது தேன்மிட்டாய் வாங்கிட்டு வா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.